பெயர் சேர்க்காத பிள்ளை

போன மாதம் பயிற்சி அறையில் உங்கள் முன்னால் என்னை உட்காரவைத்து, "மேடம் தன் அனுபவங்களைச் சொல்வார்" என்றார்கள். நானும் ஏதோ சொன்னேன். நீங்களும் தலையை ஆட்டினீர்கள். பிறகு எல்லோரும் சமோசா சாப்பிட்டோம். திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் எனக்கு எரிச்சலாக வந்தது. பொறுமை வேண்டும், கருணை வேண்டும், உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்! இதைச் சொல்லவா என்னை வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள்? இதை ஒரு காலண்டரில் அச்சடித்துச் சுவரில் மாட்டிவிடலாமே.

அதனால் அன்றைக்குச் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். தமிழில் எழுதுகிறேன், ஏனென்றால் இது பெரும்பாலும் தமிழில்தான் நடந்தது. உங்களில் பலருக்கு இதை வாசிக்க வராது என்று தெரியும். வாசிக்கத் தெரிந்த யாராவது ஒருவர் மற்றவர்களுக்கு இந்துஸ்தானியிலோ இங்கிலீஷிலோ சொல்லுங்கள். ஒன்றையும் மென்மையாக்காமல் சொல்லுங்கள்.

பிஜியில் முதல் ராணுவப் புரட்சி நடந்த வருடம் அது. நான் நலத்துறையில் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தலைநகர் சூவாவில் கடைகள் பாதி நேரம்தான் திறந்திருக்கும், சந்திகளில் துப்பாக்கியோடு பையன்கள் நிற்பார்கள், சாயங்காலம் ஆனால் ஊரடங்கு. நம் ஜனங்களில் யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான்: "உங்களுக்கு விசா வந்துவிட்டதா?" சாவு வீட்டில்கூட அதைத்தான் கேட்டார்கள்.

அந்தச் சமயத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் எனக்குத் தகவல் அனுப்பினாள். பதினாறு வயதுப் பெண், பெயர் விம்லா, சூவாவிலேயே சமபுலா பகுதியில் வீடு. இடது கையில் முழங்கை வரைக்கும் தீக்காயம். வலிப்பு நோய் உண்டு, அடுப்பு மேல் விழுந்துவிட்டாள் என்று அம்மா சொல்கிறாள், எனக்குச் சந்தேகமாக இருக்கிறது, போய்ப் பார்க்கிறீர்களா என்று கேட்டிருந்தாள். நல்ல நர்ஸ். சந்தேகப்பட வேண்டியதுதான் அவள் வேலை.

நான் போனேன். கொடுமை நடக்கும் வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். அந்த அடையாளம் ஒன்றுகூட அங்கே இல்லை. காயத்துக்குச் சுத்தமான துணி கட்டியிருந்தது. பெண்ணின் தலைக்கு எண்ணெய் வைத்து, நெருக்கப் பின்னி, செம்பருத்தி வைத்திருந்தார்கள். வீட்டில் கூர்மையான மேசை மூலைகளுக்கெல்லாம் துணி சுற்றி வைத்திருந்தது, அவள் விழுந்தால் அடிபடக் கூடாது என்று. அவள் அப்பா பஸ் கம்பெனியில் மெக்கானிக். அம்மா துணி தைக்கும் ஃபேக்டரியில் வேலை. விம்லாவுக்குக் கீழே பன்னிரண்டு வயதில் ஒரு தங்கை, எட்டு வயதில் ஒரு தம்பி. அந்தத் தம்பி அக்காவின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தான்.

சந்தேகப்பட்டது வீண், இது அன்பான வீடு என்று எனக்குள் ஒரு நிம்மதி. அன்பான வீடு என்றதும் நாம் பேனாவை மூடிவிடுகிறோம், கவனியுங்கள்.

விம்லா ஒரு கோட்டு தைத்துக்கொண்டிருந்தாள். ஃபேக்டரியில் மிஞ்சிய கனத்த துணியை அம்மா கொண்டுவந்திருக்கிறாள். காயம்பட்ட கையைத் தூக்கிவைத்துக்கொண்டு, ஒற்றைக் கையால் தையல் போட்டுக்கொண்டிருந்தாள். "நாங்க எல்லாரும் வெளிநாடு போறோம் ஆன்ட்டி. அங்கே ரொம்பக் குளிருமாம். பல்லு கடகடன்னு ஆடுமாம்" என்று இந்துஸ்தானியில் சொல்லிச் சிரித்தாள். கோட்டைத் தோளில் வைத்துக் காட்டினாள். கை நீளம் அவளுக்குப் போதவில்லை. குட்டையாக இருக்கிறதே என்றேன். "குளிர்ல நான் சுருங்கிடுவேன் ஆன்ட்டி, அப்போ சரியா இருக்கும்" என்றாள். நல்ல வாயாடி. எனக்கு உடனே பிடித்துப்போய்விட்டது.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் கணவர் வீட்டார் வடக்கத்தியார்கள். என் அலுவலக அட்டையில் அவர்கள் குடும்பப் பெயர். வேலையில் நான் பேசுவது இந்துஸ்தானி, எழுதுவது இங்கிலீஷ், போட்டுக்கொள்வது ஃபிராக். என்னைப் பார்த்து எவரும் மதராசிப் பெண் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் என் அம்மா வீட்டில் இரவும் பகலும் தமிழ்தான். மாரியம்மன் கோயில் கூழ் குடித்து வளர்ந்தவள் நான்.

உங்கள் பாட்டன் பூட்டன் வீடுகளில் நடந்திருக்கும், உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. பிள்ளைகளோடு இந்துஸ்தானி. கடன், கல்யாணம், சண்டை, சீக்கு என்றால் பெரியவர்களுக்குள் தமிழ். கதவைச் சாத்த வேண்டாம், குரலைத் தாழ்த்த வேண்டாம், பிள்ளைகளின் தலைக்கு மேலேயே பேசிக்கொள்ளலாம். நம் ஜனங்களுக்கு இந்தத் தீவில் கிடைத்த ஒரே தனி அறை அது.

விம்லாவின் அம்மா எனக்கு டீ ஊற்றிக்கொண்டே, அதே சிரித்த முகத்தோடு, புருஷனிடம் தமிழில் பேசினாள்.

"இவ எதுக்கு வந்திருக்கா? விசா விஷயம் தெரிஞ்சுபோச்சோ?"

"காயத்தப் பாக்க வந்திருக்கா. நீ பேசாம டீயக் குடு."

"இவள ட்ரெகேட்டிக்கு எப்ப அனுப்புறது? பிளேனுக்கு முந்தின வாரமே போயிடணும். கூட இருந்தா என்னால ஏற முடியாது."

"சும்மா நாலு நாளைக்கு அத்த வீட்டுக்குப் போயிட்டு வான்னு சொல்லு. போயிடுவா. நாம ஏறினப்புறம் எங்கக்கா பக்குவமா சொல்லிக்கும்."

"பாரு, கோட்டு தைக்கிறா. தானும் வரப்போறோம்னு நெனச்சிக்கிட்டுத் தைக்கிறா."

"வாய மூடு. அழுது தொலைக்காத."

அம்மா என் பக்கம் திரும்பி, "சர்க்கரை போதுமா மேடம்?" என்று இந்துஸ்தானியில் கேட்டாள். விம்லா தலை குனிந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

நான் டீயைக் குடித்தேன். முகம் மாறாமல் குடித்தேன் என்பதுதான் அன்றைக்கு நான் செய்த பெரிய வேலை. அந்த இடத்திலேயே வெடித்திருந்தால் அந்தப் பெண் முன்னாலேயே எல்லாம் சிதறியிருக்கும். கேட்டதும் பேச வேண்டும் என்று கட்டாயமில்லை, பிள்ளைகளே. முதலில் டீயைக் குடியுங்கள்.

விசா எடுத்துத் தருகிற ஆட்களிடம் விசாரித்ததில் விஷயம் இதுதான். வலிப்பு நோய் இருக்கும் பிள்ளையைக் காட்டினால் மெடிக்கல் பரிசோதனையில் குடும்பம் முழுவதையும் தள்ளிவிடுவார்கள் என்று ஒரு ஏஜெண்ட் சொல்லியிருக்கிறான். அதனால் எங்களுக்கு இரண்டே பிள்ளைகள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். விம்லா என்று ஒருத்தி பிறக்கவே இல்லை என்பதுபோல. வனுவா லேவு தீவில், ட்ரெகேட்டியில், அவள் அப்பாவின் அக்கா நெல் பயிரிடுகிறாள். அங்கே கொண்டுபோய் விடுவது, பிறகு அவளைக் கூப்பிட்டுக்கொள்வது என்று திட்டம்.

பிறகு எங்கே கூப்பிடுவது? கூப்பிட்டால் முன்பு எழுதிக் கொடுத்தது பொய் என்று தெரிந்துவிடும், எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தப் பெண்ணால் அங்கே போகவே முடியாது. ஏஜெண்ட் அதைச் சொல்லவில்லை.

நான் கொதித்துக்கொண்டு அலுவலகம் போனேன். என் மேலதிகாரி ஒரு காய்வீத்தி, அதாவது இந்த மண்ணின் பூர்வகுடி; புரட்சி செய்த ராணுவமும் அவர் ஜனம்தான். தேவாலயத்தில் பிரசங்கம் செய்கிறவர். அன்றைய நிலைமையில் அலுவலகத்தில் அவர் பக்கம் இவர் பக்கம் என்று ஆகிவிட்டிருந்தது. அவருடைய தம்பி மகன் ராணுவத்தில். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லி, "அந்த நாட்டுத் தூதரகத்துக்கு ஒரு போன் போடப் போகிறேன்" என்றேன்.

"போடு. யார் தப்பிப்பார்கள்?" என்றார்.

"அந்தப் பெண்."

"எப்படி? ஐந்து பேரும் இங்கேயே இருப்பார்கள். நான்கு பேரின் வழியை அடைத்தவளாக அவள் அந்த வீட்டில் காலம் தள்ள வேண்டும். அதுதான் தப்பிப்பதா?"

"அப்படியானால் விட்டுவிடச் சொல்கிறீர்களா?"

"என்னைக் கேட்காதே. அந்தக் குடும்பம் ஓடுவதே என் ஆட்களுக்குப் பயந்துதான். நான் என்ன சொன்னாலும் உன் காதில் தப்பாகத்தான் விழும். எனக்கே தப்பாகத்தான் கேட்கிறது." பிறகு அவர் மேசையிலிருந்த தாள்களை அடுக்கிக்கொண்டே கேட்டார். "நீ என்னைக் கேட்டாய். தூதரகத்தைக் கேட்கப் போகிறாய். அந்தப் பெண்ணைக் கேட்டாயா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தெரியாத விஷயத்தை அவளிடம் எப்படிக் கேட்பது? அவரை எனக்கு அந்த வருடம் முழுவதும் பிடிக்கவில்லை. இருந்தாலும் அந்தக் கேள்வியை ஓய்வு பெறும் நாள் வரைக்கும் சுமந்துகொண்டு திரிந்தேன்.

மறுபடி போனபோது சின்னவர்கள் இருவரும் பள்ளிக்குப் போயிருந்தார்கள். விம்லா பின்புறம் ஒற்றைக் கையால் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்து, தமிழில் ஆரம்பித்தேன்.

"அண்ணே, அக்கா, ரெண்டு பேரும் உக்காருங்க. அன்னிக்கு நீங்க பேசினது எல்லாம் எனக்குப் புரிஞ்சுது."

அந்த அம்மாவின் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. உட்காரவில்லை, சுவரோடு ஒட்டி நின்றுவிட்டாள். அவள் புருஷன் முதலில் என்னை முறைத்தார். பிறகு சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினார். சந்தியில் சிப்பாய்கள் நிறுத்தி, தார் ரோட்டில் குப்புறப் படுக்கவைத்து, பூட்ஸ் காலோடு ஏறி நின்றிருக்கிறார்கள். காயம் இன்னும் காய்ந்திருக்கவில்லை.

"இத என் மகன் பக்கத்துல நின்னு பாத்தான். எட்டு வயசுப் பையன். ராத்திரி படுக்கைய நனைச்சிடறான் இப்ப. இந்த ஊர்லயே கெடன்னு சொல்ல வந்தியா? மூத்தவளுக்காக மத்த ரெண்டையும் பலி குடுக்கச் சொல்றியா? சொல்லு, நீ பெரிய ஆபீசர்தான!"

"உங்கள நிறுத்த நான் வரல அண்ணே."

"பின்ன?"

"போறது உங்க முடிவு. பொய் சொல்லிட்டுப் போகக் கூடாது. அவகிட்ட நேர்ல சொல்லணும். நீங்கதான் சொல்லணும்."

"பின்னாடி கூப்பிட்டுக்கப் போறோம். அதுக்குள்ள எதுக்கு அவ மனச ஒடைக்கணும்?"

"கூப்பிட முடியாது. ஏஜெண்ட் உங்க மூஞ்சியப் பாத்து இனிப்பாச் சொல்லிட்டான். இல்லன்னு எழுதின புள்ளைய எப்படிக் கூப்பிடுவீங்க?"

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலையைத் தொங்கப்போட்டாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது, அவருக்கு மட்டும்தான் தெரியவில்லை. அல்லது தெரியாமல் இருக்க அவர் விரும்பியிருக்கிறார். இந்த வேலையில் அந்த இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள்.

விம்லா ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். எங்களைப் பார்த்துச் சிரித்தாள். அம்மா அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, இந்துஸ்தானியில் தொடங்கினாள். "கண்ணு, நாம வெளிநாடு போறோம் இல்ல, அதுல ஒரு சின்ன..." அவ்வளவுதான் வந்தது. இன்னொரு முறை தொடங்கினாள். அவள் புருஷனிடம் திரும்பி, எப்போதும் போலத் தமிழுக்கு மாறினாள்.

"என்னால முடியாதுங்க. கொன்னு போட்டாலும் முடியாது. இவளப் பாத்து எப்படிச் சொல்லுவேன், நீ எங்க புள்ள இல்லன்னு எழுதிட்டோம்னு? நீங்களே சொல்லுங்க."

"யாரும் சொல்ல வேணாம்மா," என்றாள் விம்லா. "எனக்குத் தெரியும்."

தமிழில் சொன்னாள். அவள் அம்மாவின் தமிழ் அப்படியே, அதே இழுப்பு, அதே பழைய மதராஸ் பேச்சு.

எனக்கு மயிர் கூச்செறிந்தது. அந்த இரண்டு பேரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

யோசித்துப் பாருங்கள். தங்கையும் தம்பியும் பள்ளிக்குப் போனார்கள், தெருவில் விளையாடினார்கள், இந்துஸ்தானியும் இங்கிலீஷும் படித்தார்கள். இவளுக்கு வலிப்பு வந்த பிறகு பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். விழுந்துவிடுவாள் என்று வெளியே விடவில்லை. காலையிலிருந்து படுக்கும் வரை பெரியவர்களோடு வீட்டுக்குள்ளேயே இருந்தவள் இவள் ஒருத்திதான். யாரை மறைத்து அந்தப் பேச்சைப் பேசினார்களோ, அவளுக்கு அதைத் தினம் தினம் அவர்களே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

"எப்ப இருந்துடி?" என்றாள் அம்மா.

"ரொம்ப நாளாம்மா. நீங்க ரெண்டு பேரும் எம்முன்னாடிதான பேசுவீங்க."

அப்பா எழுந்தார். அவர் முகம் வேறுமாதிரி ஆகிவிட்டது. விசாவைப் பற்றி அல்ல என்று எனக்கு உடனே புரிந்தது. அந்த வீட்டில் அத்தனை வருடமாக, அவள் காது கேட்க, எதை எதையெல்லாம் பேசினோம் என்று மனிதர் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மருந்துச் செலவு. இவளை எவன் கட்டுவான் என்பது. களைத்துப்போன ஏதோ ஒரு நாளில், இவள் பிறக்காமலே இருந்திருக்கலாம் என்று சொல்லியிருந்தால், அதுவும்.

"அதையும் கேட்டியா?" என்றார். எதை என்று அவர் சொல்லவில்லை.

"பரவால்லப்பா," என்றாள் அவள்.

அவர் வெளியே போய்விட்டார். வெகுநேரம் உள்ளே வரவில்லை.

நான் விம்லாவைப் பின்பக்கப் படிக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். துவைத்த துணி கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. "இங்க பாரு, நான் ஒரு போன் போட்டா இதெல்லாம் நின்னுபோயிடும். யாரும் உன்ன விட்டுட்டுப் போக முடியாது. நீ சொல்லு, போடட்டுமா?" என்று கேட்டேன். இந்த ஒரு கேள்வியை உங்களுக்குச் சொல்லித் தரத்தான் இத்தனையும் எழுதுகிறேன். பதினாறு வயதுப் பிள்ளையிடம் இப்படி ஒரு பாரத்தை வைக்கலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். பாரம் ஏற்கெனவே அவள் தலையில்தான் இருந்தது. எவரும் அவளிடம் கேட்காததால் அது குறைந்துவிடவில்லை.

அவள் கொடியில் சுருண்டிருந்த தம்பியின் சட்டையை இழுத்து நேராக்கினாள்.

"வேணாம் ஆன்ட்டி. நின்னா, அப்பா தெனமும் என் மூஞ்சியப் பாக்கணும். தம்பி தெனமும் படுக்கைய நனைப்பான்."

"சரி. அப்ப உனக்கு என்ன வேணும்?"

"ஏர்போர்ட்டுக்குப் போகணும்."

"எதுக்கு?"

"டாட்டா காட்டத்தான். என்ன முன்னாடியே அத்த வீட்டுக்கு அனுப்பிட்டுத் திருட்டுத்தனமா ஏறப்போறாங்க. அது வேணாம். நான் நின்னு பாக்கணும். அவங்களும் என்னப் பாத்துட்டுத்தான் ஏறணும்."

அதை வாங்கிக் கொடுப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அங்கே வந்து அழுது கலாட்டா செய்தால் என்ன ஆகும், அதிகாரி யாராவது இது யார் என்று கேட்டால் என்ன ஆகும், வலிப்பு வந்துவிட்டால் என்ன ஆகும் என்று அவள் அப்பாவுக்கு ஆயிரம் பயம். ஊரே திரண்டு வழியனுப்ப வரும் இடத்தில் ஒரு பெண் அழுதால் யார் திரும்பிப் பார்ப்பார்கள் அண்ணே, என்றேன். மாத்திரையை நான் பார்த்துக்கொள்கிறேன், பக்கத்திலேயே நிற்கிறேன் என்றேன். அதோடு, அவளை ட்ரெகேட்டிக்கு நானே கொண்டுபோய் விடுவேன், அங்கே நர்ஸிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் திரும்புவேன் என்றும் சொன்னேன். இதற்கெல்லாம் என் மேலதிகாரி கையெழுத்துப் போட்டார்.

நாந்தி விமான நிலையத்தில் அந்தக் காலத்தில் நடந்ததைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரு குடும்பம் கிளம்பினால் லாரி லாரியாக ஜனம். தரையில் பாய் விரித்துப் பூரியும் கறியும் சாப்பிட்டுக்கொண்டே அழுவார்கள். மாலையெல்லாம் கசங்கிக் காலில் மிதிபடும். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் விம்லா மட்டும் அழாமல் நின்றாள்.

தம்பியிடம், அக்கா அடுத்த பிளேனில் வருவாள் என்று சொல்லி வைத்திருந்தார்கள். அவன் அவளிடம் வந்து, "அடுத்த பிளேன் எப்போ வரும்?" என்று கேட்டான். அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். விம்லா அவன் உயரத்துக்குக் குனிந்து, "நான் வரலடா. நான் இங்கேதான் இருப்பேன். நீ போய் நல்லாப் படி" என்று நேராகச் சொன்னாள். அவன் கத்தி அழுதான். ஆனால் அவன் அவளை நம்பினான். அந்தக் குடும்பத்தில் ஒருவரிடம் இன்னொருவர் நேராகச் சொல்வதை நான் அப்போதுதான் பார்த்தேன்.

பிறகு அவள் பையைத் திறந்து அந்தக் கோட்டை எடுத்தாள். தங்கையைக் கூப்பிட்டுப் போட்டுவிட்டாள். பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினாள். கை நீளம், தோள், எல்லாம் தங்கைக்கு அளவெடுத்ததுபோல் இருந்தது. அளவெடுத்துத்தான் தைத்திருக்கிறாள். நான் முதல் நாள் டீ குடித்துக்கொண்டு பார்த்திருந்தபோதே அது தங்கையின் கோட்டுதான்.

அவர்கள் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போனார்கள். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா திரும்பிப் பார்த்தாள், நின்றாள், பின்னால் வந்தவர்கள் தள்ளிக்கொண்டு போனார்கள். விம்லா கட்டுப் போட்ட கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தாள். பிளேன் கிளம்பிய பிறகுதான், வெளியே பஸ் நிற்கும் இடத்தில், என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். என் சட்டை நனைந்துபோயிற்று. நானும்தான் அழுதேன், இதில் என்ன வெட்கம்?

கப்பலில் அவளை ட்ரெகேட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் அத்தை கெட்டவள் இல்லை, முரட்டுத்தனமான உழைப்பாளி. வலிப்பு என்றால் அம்மன் இறங்குகிறாள் என்று நினைக்கிறவள். மாத்திரையைப் பற்றி அவளிடம் தமிழில் சண்டை போட்டுப் புரியவைத்தேன். நர்ஸிடம் பேசினேன். "யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும்?" என்று நர்ஸ் கேட்டதற்கு என் பெயரைக் கொடுத்தேன்.

சில வருடங்கள் அவள் நன்றாகத்தான் இருந்தாள். முடிந்தபோதெல்லாம் நான் போய்ப் பார்த்தேன். வயலில் மைனா விரட்டுவாள், அக்கம்பக்கத்துக் காய்வீத்திப் பெண்களுக்கு ரவிக்கையும் பாவாடையும் தைத்துக் கொடுப்பாள். அவர்கள் பாஷையும் பிடித்துக்கொண்டுவிட்டாள். காதில் விழுந்தது எதையும் விடாத பெண். அம்மா வெளிநாட்டிலிருந்து ஊர்க் கடைக்குப் போன் செய்து அவளைக் கூப்பிடச் சொல்வாள். ஆரம்பத்தில் வாரா வாரம், பிறகு தீபாவளிக்கு.

ஒரு மழைக்காலத்தில் ஆறு பெருகி, ரோடு உடைந்து, பஸ் ஓடவில்லை. மாத்திரை தீர்ந்துபோயிற்று. வாய்க்காலில் பாத்திரம் கழுவப் போனவள் முகம் குப்புற விழுந்து கிடந்திருக்கிறாள். முழங்கால் அளவுத் தண்ணீர்.

தகவல் எனக்குத்தான் வந்தது. அவள் அம்மாவுக்கு நான்தான் போன் செய்தேன். சொல்லி முடித்ததும், "வெச்சிடு தங்கச்சி, நான் கூப்பிடறேன்" என்றாள்.

மறுநாள் கூப்பிட்டாள். வர முடியாது என்றாள். என்ன காரணம் சொல்லிக் கிளம்புவது? ஃபேக்டரியில் லீவு கேட்டிருக்கிறாள். யார் இறந்தது என்று சூப்பர்வைசர் கேட்டிருக்கிறான்.

"அக்கா மகள்னு சொன்னேன் தங்கச்சி. அக்கா பெத்த மகள்னு. அரை நாள் குடுத்தாங்க."

அவள் தமிழில் பேசிக்கொண்டே போனாள். குழந்தையில் விம்லா எப்படி இருந்தாள், முதல் வலிப்பு எப்போது வந்தது, அந்தத் தீக்காயம் ஆறிவிட்டதா, தழும்பு இருந்ததா. அவள் குரலுக்குப் பின்னால் டெலிவிஷன் சத்தமும், வளர்ந்துவிட்ட இரண்டு பிள்ளைகள் இங்கிலீஷில் ஏதோ பேசிக்கொள்வதும் கேட்டுக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் அந்தப் பேச்சு நின்றுவிட்டது. டெலிவிஷன் மட்டும் கேட்டது.

"அக்கா, பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டீங்களா?" என்றேன்.

"இல்ல தங்கச்சி. பரீட்சை முடியட்டும்."

"பக்கத்துல இருக்காங்களா இப்ப?"

"இங்கதான் உக்காந்திருக்காங்க. நீ பேசு, பரவால்ல. அதுங்களுக்குத் தமிழ் தெரியாது."